என் கதைகளை இணையத்தில் வெளியிடும் முன் காப்புரிமை வாங்கியாக வேண்டுமா?

முதலில் ஒரு திருத்தம், கோபித்துக்கொள்ளாதீர்கள். காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புகளுக்கு. கதை, கவிதை, ஓவியம் இவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பதிவு செய்யாவிட்டால் எல்லாம் பறிபோய்விடும் என்று பயந்து, எழுதியதை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் பூட்டி வைத்திருந்தேன்.

பதிப்புரிமையை யாரும் வந்து வழங்க வேண்டியதில்லை. எழுதிய அந்தக் கணமே அது உங்களுடையது. பதிப்புரிமைக்காக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட, 1886ல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. பதிவு, முத்திரை என்று எந்தச் சடங்கும் இல்லாமலே உரிமை பிறக்கும் என்ற விதியை 1908ல் பெர்லினில் அதைத் திருத்தியபோது சேர்த்தார்கள். எழுத்தாளரின் ஆயுளும் அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். ஆனால் கருவுக்கு உரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். இறந்துபோன அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மகன் கண்டெடுக்கிறான் என்ற கருவை வைத்து நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம்.

நான் எழுதினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்கிறேன்.

கதையை வலைப்பூவில் போட்டு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அதை எனக்கே அனுப்பினார். மேலே 'படித்ததில் பிடித்தது'. என் பெயர் இல்லை. கடைசியில் 'பெற்றோரை இருக்கும்போதே போற்றுவோம், பகிருங்கள்' என்று ஒரு வரியும் கூப்பிய கைகள் மூன்றும் ஒட்டப்பட்டிருந்தன. என் கதையில் மகன் அந்தக் கண்ணாடியைக் குப்பையில் போட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டு தூங்கப் போகிறான்! பெயரை எடுத்ததைவிட அந்த நீதிதான் எனக்கு எரிந்தது. "அது நான் எழுதியது, பெரியப்பா" என்றேன். "அப்படியா அம்மா, நல்ல விஷயம்தானே, நாலு பேர் படிக்கட்டும்" என்றார். அவரிடம் என்ன சண்டை போடுவது.

அடுத்த மாதம் ஒரு சேனல் அதைச் சோகமான புல்லாங்குழல் இசையோடு வாசித்து வெளியிட்டது. அதற்கு விளம்பரம் வேறு. ஒரு கதைக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பெரியப்பா பிரியத்தில் அனுப்பினார், இவர்கள் காசு பார்த்தார்கள். இரண்டும் எனக்கு ஒன்றல்ல.

காணொளித் தளத்தில் புகார் கொடுத்தேன், நீக்கினார்கள். சேனல்காரர் விடவில்லை. இது இணையத்தில் எல்லோரும் பகிர்வது, உரிமையாளர் என்று யாரும் இல்லை என்று எதிர் அறிவிப்பு கொடுத்தார். பெரும்பாலான தளங்கள் பின்பற்றுவது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை. அதன்படி எதிர் அறிவிப்பு வந்த பிறகு 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் நான் நீதிமன்றம் போகாவிட்டால் காணொளி திரும்ப வந்துவிடும். நீதிமன்றமா, நானா?

காப்பாற்றியது என் கவனக்குறைவு. கதையின் தொடக்கத்தில் கண்ணாடியின் இடது கால் உடைந்து நூல் சுற்றியிருக்கும். முடிவில் அதே நூல் வலது காலுக்குப் போய்விடும். வெளியிடும் முன் வரைவை ஒரு தோழிக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். "இடதா வலதா, முதலில் முடிவு செய்" என்று பதில் எழுதியிருந்தாள். சோம்பலில் திருத்தாமலே வெளியிட்டேன். சேனலில் அந்தக் குரல் உருக்கமாக வாசிக்கிறது, முதலில் இடது, பிறகு வலது. தோழியின் மின்னஞ்சலைத் தேதியோடு சேனல்காரருக்கு அனுப்பினேன். மறுநாள் எதிர் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

எனவே வரைவுகளை அழிக்காதீர்கள், இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். தனக்குத் தானே தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் யோசனையை யாராவது சொல்வார்கள். ஒட்டாத வெற்று உறையையும் அப்படி அனுப்பி வைத்துப் பிறகு நிரப்பலாம் என்பதால் அதை யாரும் ஆதாரமாக மதிப்பதில்லை. நான் வழக்கறிஞர் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவே வீண் என்றும் சொல்ல வரவில்லை. அமெரிக்கப் படைப்பாக இருந்தால் அங்கே வழக்குத் தொடுக்கும் முன் பதிவு கட்டாயம். மற்ற இடங்களிலும் சச்சரவு வந்தால் சான்றிதழ் கைகொடுக்கும்.

ஆனால் நான் உண்மையில் இழந்த கதை வேறு. அதை யாரும் திருடவில்லை, நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு சிறுகதைப் போட்டி. படிவத்தின் ஒன்பதாவது விதி, 'அனுப்பப்படும் படைப்புகளின் முழு உரிமையும் போட்டியை நடத்துவோரையே சேரும்'. பரிசு பெற்றவை மட்டும் அல்ல, அனுப்பப்படும் எல்லாமும். எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. பின்னர் என் தொகுப்பில் அந்தக் கதையைச் சேர்க்க அனுமதி கேட்டபோது ஒன்பதாவது விதியை வெட்டி ஒட்டிப் பதில் அனுப்பினார்கள், வணக்கம்கூட இல்லாமல். வெளியிட ஒருமுறை அனுமதி கொடுப்பது வேறு, உரிமையையே எழுதிக் கொடுப்பது வேறு. எனக்கு அப்போது தெரியாது.

பிறகு அவர்களே ஒரு தொகுப்பில் அதைப் பெயரில்லாமல் போட்டார்கள். உரிமையைக் கொடுத்துவிட்டாலும் 'இதை எழுதியவர் நான்' என்று கோரும் உரிமை எழுதியவரிடமே இருக்கும், பெர்ன் உடன்படிக்கையில் 1928ல் சேர்த்த விதி அது. அதைச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். மறுபதிப்பில் பெயர் வந்தது. இனிஷியல் தப்பு.