முடி உதிர்வுக்கு மீசோதெரபி ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. நடுவகிடு அகன்றுகொண்டே வருகிறது. வேலூரில் ஓர் அழகு நிலையத்தில் மீசோதெரபி ஊசி போட்டால் முடி அடர்ந்து வளரும் என்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அவசரப்பட வேண்டாம், அம்மா. 1952-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் மிஷெல் பிஸ்டோர் தொடங்கிய இம்முறையில், வைட்டமின்களையோ மினாக்சிடில் போன்ற முடி வளர்ச்சி மருந்துகளையோ கலந்து, மெல்லிய ஊசியால் தலைத்தோலில் நெருக்கமாகப் பல இடங்களில் சிறுசிறு துளிகளாகச் செலுத்துகிறார்கள். கலவை இடத்துக்கு இடம் மாறுவதால் பலனை உறுதியாகச் சொல்லும் சான்று குறைவு. ஊசி சுத்தமாக இல்லாவிட்டால் சீழ்க்கட்டி வரும், குத்திய இடத்திலேயே முடி கொட்டி வழுக்கைத் திட்டு விழுந்ததும் உண்டு. ஆகவே அழகு நிலையத்தில் இதைச் செய்துகொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பின் அளவு), தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். நம் பக்கத்தில் பலரும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே குறை சொல்கிறார்கள். அது முடியைச் சொரசொரப்பாக்குமே தவிர, வகிடு அகல்வதற்குப் பெரும்பாலும் பரம்பரைத் தன்மையே காரணமாக இருக்கும். அப்படியானால், நன்கு ஆராயப்பட்ட மினாக்சிடிலை மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் தடவ வேண்டும். தொடக்கத்தில் உதிர்வு சற்றுக் கூடினாலும் பயந்து நிறுத்திவிடாமல், 6 மாதமாவது பொறுத்துப் பாருங்கள். கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ, தடவத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.