தேதி இல்லாத பழைய ஈதர் பாட்டில்: திறக்கலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் வேதியியல் சேமிப்பறையை ஒழுங்குபடுத்தியபோது அலமாரியின் பின்வரிசையில் ஒரு டைஎத்தில் ஈதர் பாட்டில் அகப்பட்டது. கால்வாசிதான் மிச்சம் இருக்கிறது. எப்போது வாங்கியது, எப்போது திறந்தது என்று லேபிளில் எதுவும் இல்லை. காய்ச்சி வடித்துத் தூய்மைப்படுத்தினால் செய்முறை வகுப்புக்குப் பயன்படுமா? பொதுவாக ஈதரைக் கையாளும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

பயன்படாது. அதைத் திறக்கவே வேண்டாம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. அஞ்ச வேண்டிய மூன்றும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: பாட்டிலில் தேதி இல்லை, முக்கால்வாசி காற்று நிரம்பியிருக்கிறது, அதைக் காய்ச்சவும் நினைக்கிறீர்கள். எனவே முதலில் அந்தப் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றவை பிறகு.

பாட்டில் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். குலுக்காதீர்கள், மூடியைத் திருகாதீர்கள், வேறு அலமாரிக்கு மாற்றாதீர்கள். தொடாமல், நின்ற இடத்திலிருந்து பாருங்கள். மூடியைச் சுற்றி வெள்ளைப் பொடியோ படிகமோ படிந்திருந்தால், அல்லது அடியில் பாகு போன்ற தனி அடுக்கு தெரிந்தால், அறையைப் பூட்டிவிட்டுத் துறைத்தலைவரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அது ஆசிரியர்களின் வேலையும் அல்ல. தீயணைப்புத் துறைக்கு 101-இல் தகவல் தந்து, வெடிபொருள் அறிந்தவர்களை அவர்கள் வழியாக வரவழைக்க வேண்டும். படிகம் எதுவும் தெரியவில்லை என்றாலும் பாட்டில் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. பழைய ஈதரில் உண்டாகும் பெராக்சைடு என்ற வெடிக்கும் பொருள் கரைந்த நிலையில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

நடப்பது இதுதான். ஈதர் மூலக்கூறில் ஆக்சிஜன் அணுவை ஒட்டி இருக்கும் கார்பனில், காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல வந்து சேர்கிறது. வெளிச்சம் பட்டால் இந்த வேலை விரைவாக நடக்கும். அதனால்தான் ஈதர் பழுப்பு நிற பாட்டிலில் வருகிறது. இப்படி உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடுகளும், அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருவாகும் பெராக்சைடுகளும் சூட்டினாலோ உராய்வினாலோ வெடிக்கக்கூடியவை. பாட்டிலுக்குள் காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆக்சிஜன். கால்வாசி மிஞ்சிய பாட்டில் நிறைந்த பாட்டிலைவிட ஆபத்தானது என்பது அதனால்தான்.

ஈதர் ஆவியாகும், பெராக்சைடு அவ்வளவு எளிதில் ஆவியாகாது. காய்ச்சி வடித்தால் தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கிறது. ஒரு லிட்டர் ஈதரைக் காய்ச்சிக் குடுவையில் 20 மில்லி மிஞ்சும்போது, முதலில் பரவிக் கிடந்த பெராக்சைடு ஏறக்குறைய 50 மடங்கு செறிந்துவிடுகிறது. அடியில் சூடும் இருக்கிறது. வேலை முடிந்தது என்று மாணவர் குனிந்து குடுவையைப் பார்க்கும் அந்தக் கடைசி நிமிடத்தில்தான் அது வெடிக்கும். எந்த ஈதரையும், சோதித்துப் பார்த்த ஈதரையும்கூட, வறளும்வரை காய்ச்சக் கூடாது. குறைந்தது பத்தில் ஒரு பங்கையாவது குடுவையில் விட்டுவிட வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. கடையில் வாங்கும் ஈதரில் பெரும்பாலும் பெராக்சைடு உண்டாவதைத் தடுக்கும் பிஎச்டி (BHT) என்ற தடுப்பான் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்பட்டிருக்கும். காய்ச்சி வடித்தால் அது குடுவையிலேயே தங்கிவிடும். வடித்தெடுத்த ஈதருக்குக் காவல் இல்லை. வந்த பாட்டிலில் இருந்ததைவிட விரைவாக அதில் பெராக்சைடு உண்டாகும். தூய்மைப்படுத்தி எடுத்து வைத்திருக்கிறேன் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், என்றைக்கு வடித்தது என்று கேளுங்கள். டைஐசோபுரொப்பைல் ஈதர் இதைவிட மோசம். அது உங்கள் அலமாரியில் இருந்தால் அதற்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கடுமையாக.

இனி பொதுவாகக் கையாளுவது பற்றி. நான் கல்லூரியில் கற்பித்த காலம் முழுவதும் ஈதரோடு பழகியிருக்கிறேன். ஆனால் அதன் குணத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது நான் எம்.எஸ்சி. படித்தபோது நடந்த ஒரு தீ. நீர்க்கரைசலில் இருந்து ஒரு பொருளைப் பிரிபுனலில் ஈதர் கொண்டு பிரித்துக்கொண்டிருந்தேன். என் மேசையில் சுடர் எதுவும் இல்லை. மூன்று நான்கு மீட்டர் தள்ளி, அதே மேசை வரிசையின் மறுமுனையில், வேறொரு மாணவர் உருகுநிலை பார்ப்பதற்காக பர்னரைப் பற்றவைத்தார். அடுத்த நொடி மேசையின் மேற்பரப்பை ஒட்டி நீலமாக ஒன்று என்னை நோக்கி ஓடி வந்தது. என் முன்னால் இருந்த பீக்கர் பற்றிக்கொண்டது. ஒருவர் தண்ணீர் வாளியைத் தூக்கினார். “தண்ணீர் ஊற்றாதே!” என்று கத்தியபடி ஓடிவந்த ஆய்வக உதவியாளர் அண்ணன், பீக்கரின் வாயை ஈரச் சாக்கால் மூடி, சிந்தியிருந்த இடத்தில் மணலைக் கொட்டினார். என் மணிக்கட்டு முடி கருகியதோடு போயிற்று. அந்த அண்ணன் அன்று அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் கத்தியதற்குக் காரணம் இருக்கிறது. ஈதரின் அடர்த்தி 0.71 தான். தண்ணீர் ஊற்றினால் எரியும் ஈதர் அதன்மேல் மிதந்து மேசை முழுவதும், பிறகு தரை முழுவதும் பரவும். கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தீ எனக்குப் பக்கத்தில் தொடங்காமல் தொலைவில் தொடங்கியதற்கும் காரணம் உண்டு. ஈதர் ஆவி காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாது. தண்ணீர் போல மேசையில் வழிந்து, தரையில் இறங்கி, தாழ்ந்த இடம் தேடிப் போகும். காற்றில் சுமார் 2 விழுக்காடு இருந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் “என் மேசையில் சுடர் இல்லை” என்பது காவலே அல்ல. அந்த அறையில் எங்குமே சுடர் இருக்கக் கூடாது.

சுடர் இல்லாமலும் பற்றும். 180 டிகிரி செல்சியஸுக்குள்ளாகவே ஈதர் ஆவி தானாகத் தீப்பிடித்துவிடும். மின்சார ஹாட் பிளேட்டின் மேற்பரப்பு அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். ஈதரைச் சூடாக்க வேண்டுமானால் வேறு இடத்தில் காய்ச்சிக் கொண்டுவந்த வெந்நீர் போதும். அதன் கொதிநிலையே 34.6 டிகிரிதானே.

இந்த 34.6 என்ற எண்ணை நம் ஊரில் இருப்பவர்கள் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்பில் ஈதர் “அறை வெப்பநிலையில் திரவம்”. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதப் பிற்பகலில் விசிறி மட்டும் ஓடும் ஆய்வகத்தில் அது கொதிநிலையைத் தாண்டிவிட்ட திரவம். மூடியைத் திறந்தால் சீறும். சில சமயம் முகத்தில் தெறிக்கும். கோடையில் ஈதர் செய்முறையைக் காலை முதல் வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள புதிய பாட்டிலைக்கூடப் பனிக்கட்டி நீரில் சற்று நேரம் நிறுத்திய பிறகே திறக்க வேண்டும். பிரிபுனலைப் பிடிக்கும் உள்ளங்கைச் சூடே அழுத்தத்தைக் கூட்டப் போதும்; ஒவ்வொரு முறை குலுக்கிய பிறகும் தலைகீழாகப் பிடித்து, தண்டு யாருடைய முகத்தையும் பார்க்காதபடி, குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றுங்கள்.

வெயிலுக்கு அஞ்சி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கசியும் ஆவி மூடிய பெட்டிக்குள் சேரும். உள்ளே இருக்கும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு விசையும் விளக்கும் பொறி உண்டாக்கும். எரியும் திரவங்களுக்கென்றே செய்யப்பட்ட, உள்ளே பொறி எழாத பெட்டி என்றால் வைக்கலாம். ஆனால் குளிர் பெராக்சைடு உண்டாவதை நிறுத்திவிடாது. மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றவும் கூடாது. ஆவி சாக்கடைக் குழாய் வழியாக அடுத்த அறைக்குப் போகும்.

மூச்சு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் நோயாளியை உணர்விழக்கச் செய்து அறுவை சிகிச்சைக்கு உதவியது இதே ஈதரால்தான். காற்றோட்டமில்லாத அறையில் அது உங்களையும் அப்படியே செய்யும். தலை கிறுகிறுத்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஆவியை வெளியே இழுத்துவிடும் ஃபியூம் ஹுட் இருந்தால் அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். மெல்லிய கையுறையில் ஈதர் பட்டால் அது ஊடுருவிவிடும்; உடனே கழற்றி மாற்ற வேண்டும்.

தேதி தெரிந்த, சமீபத்தில் திறந்த பாட்டிலை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மில்லி ஈதரோடு ஒரு மில்லி அசிட்டிக் அமிலம் சேர்த்து, அப்போதே தயாரித்த 5 விழுக்காடு பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சில துளிகள் விட்டுக் குலுக்குங்கள். ஈதர் இல்லாமல் அதே கலவையைப் பக்கத்தில் இன்னொரு சோதனைக் குழாயில் வைத்து ஒப்பிடுங்கள். நிறம் மாறாவிட்டால் நல்லது. இளமஞ்சள் என்றால் பெராக்சைடு தொடங்கிவிட்டது. அமிலம் சேர்த்த ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலோடு குலுக்கி நீக்கலாம், அதையும் அனுபவமுள்ள ஆசிரியர் செய்யட்டும். பழுப்பு என்றால் அந்தப் பாட்டிலோடு எந்த வேலையும் வேண்டாம். இந்தச் சோதனை உங்கள் பழைய பாட்டிலுக்கு அல்ல. அதைச் சோதிக்க மூடியைத் திருக வேண்டும். மூடியின் மரையில் படிகம் இருந்தால் அந்த உராய்வே போதும்.

அலமாரியில் வேறு ஈதர் பாட்டில்கள் இருந்தால், வந்த தேதி, திறந்த தேதி இரண்டையும் அழியாத மையால் லேபிளில் எழுதுங்கள். திறந்து ஆறு மாதம் ஆனவற்றையும், திறக்காமலே ஓராண்டு கடந்தவற்றையும் அகற்ற வேண்டியவை என்று தனியே பட்டியலிடுங்கள். தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம் அவற்றை ஒப்படைக்கும்படி கல்லூரி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். இனி வாங்கும்போது 100 மில்லி, 250 மில்லி பாட்டில்களாக, அந்தப் பருவத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கச் சொல்லுங்கள். இளநிலை வகுப்பில் பிரித்தெடுத்தல் காட்டுவதற்குப் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட்டே போதும். அதுவும் தீப்பற்றும், ஆனால் கொதிநிலை 77 டிகிரி. பெராக்சைடு தொல்லை அதில் இல்லை.

அறைக்கதவில் “திறக்காதீர்கள், பழைய ஈதர்” என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு, இன்றே துறைத்தலைவரைப் பாருங்கள். சேமிப்பறையைப் பெருக்க வரும் அக்காவிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். அவர் அலமாரியைத் துடைக்கும்போது முதலில் நகர்த்துவது அந்தப் பாட்டிலாக இருக்கலாம்.