மறு: மூத்தவர் படம் போட்டதும் எல்லாரும் அதையே வரைகிறார்கள்

மொரிஷியஸ் புயலுக்கு ஈடுகொடுக்கும் சூரிய வெந்நீர்த் தொட்டித் தாங்கி, ஐந்து பேர் குழு, மூத்தவர் படம் போட்டதும் மற்ற நால்வரும் அதையே திருத்துகிறார்கள் என்கிறீர்கள். இதற்கு மரியாதை பாதிக் காரணம்தான். 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில், மாதிரிப் படத்தைப் பார்த்த வடிவமைப்பாளர்கள் அதன் குறைகளையும் சேர்த்தே வரைந்தார்கள். சிந்தாத காபிக் கோப்பை வரையச் சொல்லி, உறிஞ்சுகுழல் கூடாது என்று எழுதிக் கொடுத்தும் கோப்பையில் குழல் வந்தது. அதனால் "தைரியமாகப் பேசுங்கள்" என்பதெல்லாம் வீண். படம் கண்ணில் படும் வரிசையை மாற்றுங்கள்.

அவர் படம் மூடியே இருக்கட்டும். (முந்தின நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் சொன்னால் அவமானம்.) ஆளுக்கொரு தாள், 5 நிமிடத்தில் 3 கோட்டுப்படம், பேச்சே கூடாது, பிறகு தாள் பக்கத்து ஆளுக்கு. ஐந்து சுற்றில் 75 படம். பாதி ஒரே மாதிரி இருக்கும், பரவாயில்லை.

ஐந்தாறைப் பொறுக்கி, இப்போது பயன்படும் தாங்கியோடு ஒப்பிட்டு அட்டவணையில் + (அதைவிட மேல்), − (மோசம்), 0 (சமம்) போடுங்கள். மூத்தவர் படத்தை அளவுகோலாக வைத்தால் பழைய கதைதான். காற்றின் தூக்குவிசை, கூரையில் போடும் துளைகள், உப்புக்காற்றில் துரு, பொருத்தும் நேரம் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவரும் தனியாகக் குறித்தபிறகே காட்ட வேண்டும், மூத்தவர் கடைசியில்.

கூட்டுத்தொகையை நம்பாதீர்கள். அட்டவணையின் ஒரே கட்டத்தில் இருவர் +, இருவர் − போட்டிருந்தால் அங்கேதான் யாருக்கோ தெரிந்த விஷயம் மற்றவர்களுக்குத் தெரியவில்லை. கூட்ட நேரத்தை அந்தக் கட்டங்களுக்கே செலவிடுங்கள்.