வானொலியில் ஆல்பம் ஒலிக்கிறது, பணம் ஏன் வரவில்லை?

நியூ ஜெர்சியின் எடிசன் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "என் மகன் நியூயார்க்கில் ஜாஸ் டிரம்ஸ் வாசிக்கிறான். தன் பெயரில் ஐவர் குழு நடத்துகிறான். சொந்தச் செலவில் வெளியிட்ட ஆல்பம் உள்ளூர் வானொலியில் அடிக்கடி ஒலித்தும் ஒரு டாலர்கூட வரவில்லை. எல்லாவற்றையும் வசூலித்துத் தருவதாக ஒருவர் ஒப்பந்தம் நீட்டுகிறார். கையெழுத்திடலாமா?"

வேண்டாம்.

அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் நிலையங்கள் ஓர் ஒலிப்பதிவை ஒலிபரப்பினால், அந்த இசையை இயற்றியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் மட்டுமே பணம் உண்டு. வாசித்தவருக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் சல்லிக்காசு கிடையாது. வளர்ந்த நாடுகள் பலவும் என்றோ சரிசெய்துவிட்ட இந்த அநீதிக்கு எதிராக வாஷிங்டனில் மசோதாக்கள் வருவதும், ஒலிபரப்பாளர்களின் எதிர்ப்பால் அவை கிடப்பில் போவதும் பல ஆண்டுகளாக நடக்கும் சடங்காகிவிட்டது. ஆகவே, எஃப்எம்மில் வாசித்ததற்குப் பணம் வாங்கித் தருகிறேன் என்பவர் இல்லாத கடனை வசூலிக்கப் புறப்பட்டவர்.

இணைய வானொலியும் செயற்கைக்கோள் வானொலியும் வேறு. 1995, 1998 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களின்படி அவை பணம் தந்தாக வேண்டும். அதைச் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு திரட்டி, 50 சதவீதத்தை ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், 45 சதவீதத்தை முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதத்தைத் துணைக் கலைஞர்களுக்கான நிதிக்கும் பிரித்துத் தருகிறது. பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பலரும் கலைஞர் என்ற முறையில் மட்டும் பதிந்துவிட்டுப் பாதிப் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். சொந்தச் செலவில் வெளியிட்ட உங்கள் மகன், உரிமையாளர் என்ற முறையிலும் பதிய வேண்டும். அரை நாளில் முடிகிற இந்த வேலைக்குத்தான் இடைத்தரகர்கள் கால் பங்கு கேட்கிறார்கள். நீங்கள் அனுப்பியுள்ள ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள்: "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற சொற்களுடன் உங்கள் மகன் இயற்றிய இசையின் பதிப்புரிமையையும் சேர்த்தே எழுதி வாங்குகிறார்கள். வசூலிப்பவருக்குப் பதிப்புரிமை எதற்கு?

இங்கே ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும். ஆல்பம் மகன் பெயரில் மட்டும் இருந்தால் 45 சதவீதம் அவருக்கே. மற்ற நால்வரும் துணைக் கலைஞர்கள். அவர்கள் தங்கள் பங்கை இரு தொழிற்சங்கங்கள் சார்ந்த நிதியிடம் நேரடியாகப் பெறலாம், அதற்குச் சங்க உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. ஆனால் டிரம்ஸ் வாசிப்பவர் தலைமை ஏற்கும்போது, விற்பனைக்காகப் பெயர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் ஒருவரின் பெயரையும் அட்டையில் அதே அளவில் அச்சிடுவதும் உண்டு. அப்படிச் செய்தால் அவரும் முதன்மைக் கலைஞராகப் பங்கு கோர வழி பிறக்கும். குழுவின் பெயரில் வெளியிட்டாலும் அதே நிலைதான், பங்கு உறுப்பினர்களிடையே பிரியும். யாருக்கு எவ்வளவு என்பதை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும் முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடட்டும்.

இயற்றியவருக்கான பணம் பிஎம்ஐ, ஆஸ்காப் போன்ற அமைப்புகள் வழியாகத் தனியே வரும். எவ்வளவு அற்புதமாக டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் வாசித்தாலும், பிறர் இயற்றிய இசையில் அதற்காகப் பங்கு கிடைக்காது. ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி 1990இல் மறையும் வரை ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவை நடத்தினார். ஆனால் அக்குழுவின் அடையாளமாகிவிட்ட 'மோனின்' என்ற இசை பியானோ கலைஞர் பாபி டிமன்ஸ் இயற்றியது. உங்கள் மகன் தான் இயற்றியவற்றை இப்போதே தன் பெயரில் பதிவு செய்யட்டும்.

கேட்பவரே பாடலைத் தேர்ந்தெடுக்கும் ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் ஒலிப்பதிவுக்கான பணம், ஆல்பத்தை அங்கே ஏற்றித் தரும் விநியோக நிறுவனம் வழியாக வரும். அதைச் சவுண்ட்எக்ஸ்சேஞ்சில் தேடாதீர்கள்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி குறியீடு உண்டு; எழுத்துகளும் எண்களும் சேர்ந்து மொத்தம் 12. அதை விநியோக நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது: ஆல்பத்தில் முதலெழுத்துடன் ஒரு பெயர், வங்கியில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிய இன்னொரு பெயர். இரண்டையும் விண்ணப்பத்தில் குறிப்பிடாவிட்டால் பணம் உரியவரைச் சேராமல் தேங்கும், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உரிமை கோரப்படாத தொகையாகக் கைமாறவும் கூடும்.