ஆயருக்கு மேலே யார்? கேள்வி பதில்

கத்தோலிக்கத் திருச்சபையில் யார் சொல்வதை யார் கேட்க வேண்டும் என்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்தன, பாதி ஒரே கேள்வி.

கேள்வி: பங்குச்சாமி (ஊர்க் கோவிலின் பொறுப்புக் குரு), ஆயர், பேராயர், கர்தினால், போப். ஐந்து படிகள்தானே?

பதில்: இல்லை. திருப்பட்டம் மூன்றுதான்: திருத்தொண்டர், குரு, ஆயர். போப்பும் ஓர் ஆயர்தான், உரோமை நகரின் ஆயர். கர்தினால் என்பது போப் தரும் பொறுப்பு. பேராயரால் பக்கத்து மறைமாவட்டத்து (அதாவது இன்னொரு ஆயரின் ஆட்சிப் பகுதியில் உள்ள) பங்குச்சாமி ஒருவரைக்கூட மாற்ற முடியாது. பட்டத்தையும் பதவியையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

கேள்வி: ஆயரை மக்கள் தேர்ந்தெடுக்க முடியாதா?

பதில்: ஓட்டெல்லாம் கிடையாது. டெல்லியில் இருக்கும் போப்பின் தூதர் குருக்களிடமும் சில பொதுநிலையினரிடமும் ரகசியமாக விசாரிப்பார். மூன்று பெயர்கள் உரோமைக்குப் போகும். இந்தியாவின் இலத்தீன் மறைமாவட்டங்களை அங்கே கவனிப்பது நற்செய்தி அறிவிப்புத் துறை. மறைபரப்பைக் கவனிக்க 1622-ல் உரோமையில் தொடங்கிய 'புரொபகாண்டா' என்ற அலுவலகத்தின் வாரிசு. போப் நினைத்தால் மூன்றையும் ஒதுக்கிவிட்டு நான்காவது ஒருவரை நியமிக்கலாம். சொந்த வழிபாட்டு முறை கொண்ட கேரளத்துக் கத்தோலிக்கர்களின் சீரோ மலபார் திருச்சபை வேறு கதை. அங்கே சினடு, அதாவது ஆயர்களின் மன்றம், தேர்ந்தெடுக்கும், போப் இசைவு தருவார்.

ஒரு காலத்தில் நம் பக்கத்து ஆயர்களை முன்மொழியும் உரிமை போர்த்துக்கல் மன்னரிடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த உரிமையின் பக்கம் நின்ற கோவாக் குருக்களும் உரோமையின் பக்கம் நின்ற புரொபகாண்டா குருக்களும் கோவில்களுக்காக மல்லுக்கட்டியதற்கு அதுதான் வேர்.

கேள்வி: போப் தவறே செய்ய மாட்டாரா?

பதில்: செய்வார். அவரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்தான். 1870-ல் முதல் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்கள் கூடிய பேரவை) சொன்னது இவ்வளவே: விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, முழுத் திருச்சபைக்கும், இறுதியாக வரையறுத்து அறிவிக்கும்போது தவறமாட்டார். அதற்குப் பிறகு அப்படி அறிவித்தது ஒரே முறை, 1950-ல் பன்னிரண்டாம் பயஸ், மரியன்னையின் விண்ணேற்பு பற்றி. விமானத்தில் நிருபர்களிடம் பேசுவது இதில் சேராது. வாட்ஸ்அப்பில் "போப் அறிவித்துவிட்டார்" என்று வந்தால், எந்த ஆவணத்தில் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: போப்பால் தவறு செய்ய முடியாது என்கிறார்களே?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ஆயர் என்பவர் வத்திக்கானின் கிளை மேனேஜர்தானே?

பதில்: இல்லவே இல்லை. ஆயர்களைப் போப்பின் பதிலாள்களாக எண்ணக் கூடாது என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே எழுதிவைத்திருக்கிறது.

அதே வாசகர்: அப்படியானால் 2023 நவம்பரில் டெக்சாஸின் டைலர் மறைமாவட்ட ஆயரைப் போப் பிரான்சிஸ் நீக்கியது எப்படி?

பதில்: நல்ல பிடி. நீக்கலாம். போப்பின் அதிகாரம் முழுமையானது, நேரடியானது. எந்த மறைமாவட்டத்துக்குள்ளும் நுழையும். ஆனால் பங்கைப் பிரிப்பது, சாமியார்களை மாற்றுவது எல்லாம் ஆயர் தன் சொந்த அதிகாரத்தில் செய்வது. கோவில் நிலமும் வத்திக்கான் பெயரில் இல்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் விற்கும்போதுதான் உரோமையின் அனுமதி வேண்டும்.

இன்னொருவர்: எப்படிச் சுற்றினாலும் கடைசியில் மேலிடம்தானே?

பதில்: கடைசியில், ஆமாம். அந்தக் கடைசி லேசில் வராது. சீரோ மலபார் திருச்சபையின் எர்ணாகுளம்–அங்கமாலி உயர்மறைமாவட்டத்தைப் பாருங்கள். திருப்பலியில் குரு எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று 2021-ல் சினடு முடிவு செய்தது. 2023 டிசம்பரில் போப் வீடியோவிலேயே கேட்டுக்கொண்டார். அப்போதும் பல குருக்கள் அசையவில்லை. கம்பெனியாக இருந்தால் மறுநாளே சீட்டுக் கிழிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் பங்குச்சாமி கணக்குக் காட்டுவதில்லை. வத்திக்கானுக்கு எழுதலாமா?

பதில்: முதலில் பங்கின் நிதிக்குழுவில் கேளுங்கள், சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் அது இருக்க வேண்டும். அப்புறம் ஆயர் இல்லம். எடுத்த எடுப்பில் உரோமைக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: போப்பைத் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவில் உள்ளே என்ன நடக்கும்?

பதில்: 80 வயது நிறையாத கர்தினால்களுக்குத்தான் ஓட்டு, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2025 மே மாதம் 133 பேர் கூடி, இரண்டாம் நாளே பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குப் பிடித்தது சீட்டு எண்ணும் இடம். ஒவ்வொரு சீட்டிலும் 'தேர்ந்தெடுக்கிறேன்' என்று பொருள்படும் 'எலிகோ' என்ற இலத்தீன் சொல் அச்சாகியிருக்கும். பெயரை வாசித்ததும் அந்தச் சொல்லின் மேலேயே ஊசியால் குத்தி, பூக் கோப்பதுபோல எல்லாச் சீட்டையும் ஒரே நூலில் கோத்து, முடிச்சுப் போடுவார்கள். பிறகுதான் சீட்டுகளை எரிக்கும் அடுப்பு, புகை.

கேள்வி: பெண்கள் ஏன் குருவாக முடியாது?

பதில்: அது இறையியல், என் பாடமில்லை. உங்கள் ஊர் குருமடப் பேராசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: கர்தினால் என்பது ஆயரைவிடப் பெரிய பட்டம்தானே?

பதில்: முதல் பதிலை மறுபடி படியுங்கள், ஐயா.