கார் பழகப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் சில கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு சாரதிப் பயிற்சிப் பாடசாலைகளில் விசாரித்தேன். ஒன்றில் ‘எல்லாம் சேர்த்து’ ஒரு பெரிய தொகை, மற்றதில் குறைவு. எதை எடுப்பது?

தொகையைப் பார்க்குமுன், ஸ்டியரிங் உங்கள் கையில் மொத்தம் எத்தனை மணித்தியாலம் இருக்கும் என்று கேளுங்கள். ஒரே காரில் இரண்டு மூன்று பேரை ஏற்றி, முறை வைத்து ஓட்டவிடும் இடங்கள் உண்டு. ஒரு மணித்தியால வகுப்பில் பாதியோ அதற்கு மேலோ பின்சீற்றில் போய்விடும். மாலையில் என்றால் மிச்சத்தைக் காலி வீதி (Galle Road) நெரிசல் தின்றுவிடும். குறைந்த விலைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது, அந்த ‘எல்லாம்’ என்னென்ன? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் கட்டும் பணம், மருத்துவச் சான்றிதழ் செலவு, ட்ரயல் (கார் ஓட்டிக் காட்டும் பரீட்சை) அன்று தரும் காரின் கூலி ஆகிய மூன்றும் அடக்கமா? ட்ரயலில் தவறினால் இரண்டாம் முறை கார்க் கூலி யார் தலையில்? சண்டை வருவது அநேகமாக இந்த இடத்தில்தான். ஆகவே பதிலை எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காமல் தவணையாகக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். மறுத்தால் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

‘ட்ரயல் பாஸ் நிச்சயம்’ என்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுத முடியுமா?

தாராளமாக. 40 பல்தேர்வு வினாக்கள். விண்ணப்பத்தைப் பாடசாலைக்காரர் நிரப்பினால், மொழிக்கு நேரே என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

வீட்டில் இருப்பது ஒட்டோ கியர் கார். மனுவல் எதற்கு?

மனுவல் பழகியவருக்கு ஒட்டோ சீக்கிரம் பிடிபடும். ஒட்டோ மட்டும் பழகியவர் பிறகு கிளட்ச் பழக மறுபடி பணம் கட்ட வேண்டும். என்னைக் கேட்டால் மனுவல்தான்.

அண்ணாவின் காரிலேயே பழகினால் காசு மிச்சம்தானே?

மிச்சம்தான், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். பாடசாலைக் காரில் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அண்ணாவிடம் இருப்பது சத்தம் மட்டும்தான். பிரேக்கும் வளைவும் கைக்கு வந்த பிறகு, ஞாயிறு காலைகளில் அவருடைய காரை எடுங்கள். பயிற்சி அனுமதிப்பத்திரம் கையில் வேண்டும், முன்னும் பின்னும் ‘எல்’ பலகை வேண்டும், பக்கத்தில் லைசன்ஸ் உள்ளவர் வேண்டும்.

அதற்கு முன் அண்ணாவின் காப்புறுதிப் பத்திரத்தைப் பாருங்கள். பழகுநர் ஓட்டும்போது நடக்கும் விபத்துக்கான காப்பு, பல நிறுவனங்களில் கூடுதல் பணம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டியது. அது இல்லாமல் எங்காவது இடித்தால், பம்பர் செலவு முழுதும் உங்கள் இருவர் தலையில்தான். காப்புறுதி முகவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சேர்க்கலாம் என்றால், சேர்த்த பத்திரம் கைக்கு வந்த பிறகு சாவியைக் கேளுங்கள்.