புதுச் சேவலோடு விட்டும் பழைய சேவலின் குஞ்சு: பெட்டை கெட்டுவிட்டதா?

கேள்வி: கிளிமூக்கு விசிறிவால் இனக் கோழிப் பெட்டை ஒன்றை பிப்ரவரி 2ஆம் தேதி வாங்கினேன். ஏற்கனவே இரண்டு தடவை முட்டையிட்ட, கீரி நிறப் பெட்டை. 5ஆம் தேதி என்னுடைய யாகூத் நிறச் சேவலோடு தனிக் கூண்டில் விட்டேன். வேறு எந்தச் சேவலும் கிட்டே வர வழியில்லை. 9ஆம் தேதியிலிருந்து 24ஆம் தேதி வரை 12 முட்டை. எல்லாவற்றையும் ஒரு நாட்டுக்கோழிக்கு அடை வைத்ததில் 9 குஞ்சு பொரித்தது. ஆறு என் சேவலின் சாயல். ஒன்று வெள்ளை. இரண்டு மொட்டைக் கழுத்து, அதில் ஒன்றுக்கு கத்திப்பூக் கொண்டை. என்னிடம் மொட்டைக் கழுத்துச் சேவலே கிடையாது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? கலப்புச் சேவல் ஒருமுறை மிதித்துவிட்டால் பெட்டையின் ரத்தமே கெட்டுவிடும், இனி அது இனவிருத்திக்கு ஆகாது என்று ஊரில் சொல்கிறார்கள். கறிக்குக் கொடுத்துவிடலாமா?
– திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வளர்ப்பாளர்

பதில்: கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பெட்டை கெட்டுப்போகவில்லை. இன்னும் ஒரு முறை, நாள் கணக்குப் பார்த்து முட்டை எடுத்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதலில் அந்த இரண்டு மொட்டைக் கழுத்துக் குஞ்சுகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். கோழியின் முட்டைக்குழாயில், ஓடு உருவாகும் பைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சேவல் மிதித்ததும் விந்தணுக்களில் ஒரு சிறு பங்கு அந்தக் குழாய்களுக்குள் போய்த் தங்கிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து மேலே ஏறி, அடுத்தடுத்து வரும் மஞ்சள் கருக்களைக் கருவுறச் செய்யும். அதனால்தான் ஒருநாள் மிதித்த சேவலை மறுநாளே விற்றுவிட்டாலும் பெட்டை கருவுள்ள முட்டை இட்டுக்கொண்டே இருக்கிறது. சாதாரணமாக இரண்டு வாரம். சில பெட்டைகளில் மூன்று வாரம், அபூர்வமாக அதற்கும் சில நாள் மேலே. வான்கோழியில் இது பத்து வாரம் வரைகூடப் போகும்.

இப்போது உங்கள் தேதிகளைப் பாருங்கள். பெட்டை உங்கள் வீட்டுக்கு வந்தது 2ஆம் தேதி. அதுவரை அங்கே எந்தச் சேவலோடு திரிந்தது என்று உங்களுக்குத் தெரியாது. முதல் முட்டை அதிலிருந்து ஏழாம் நாள், கடைசி முட்டை 22ஆம் நாள். அதாவது 12 முட்டையும் ஏறக்குறைய முழுக்கப் பழைய சேவலின் கெடுவுக்குள்ளேயே வந்துவிட்டன. உங்கள் சேவல் மிதித்து இரண்டு நாளில் அதன் விந்தும் வேலைக்கு வந்துவிடும். ஆக இரண்டு சேவலின் விந்தும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்திருக்கிறது. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளுக்கு இரண்டு அப்பன் இருப்பது கோழியில் சாதாரண விஷயம். பொதுவாகக் கடைசியாக மிதித்த சேவலுக்குத்தான் பெரும்பங்கு கிடைக்கும். உங்கள் ஒன்பதில் பெரும்பாலானவை யாகூத்தின் சாயலில் வந்திருப்பதும் அதற்குப் பொருந்துகிறது.

நிறத்துக்காகவே உயிரினங்களை வளர்க்கும் எல்லோருக்கும் வரும் தலைவலி இது. அமெரிக்காவில் போவா பாம்புகளை அரிய நிறங்களுக்காக இணைசேர்த்து வளர்ப்பவர்கள் உண்டு. பாம்பு விந்தை மாதக் கணக்கில் சேமித்து வைக்கக் கூடியது. அதனால் குட்டிகளின் நிறம் எதிர்பார்த்தபடி இல்லாவிட்டால் அவர்களுக்கும் முதல் சந்தேகம் பழைய ஆண் மேல்தான். அப்படி ஒரு பெண் போவா இரண்டு ஈற்றில் 22 குட்டி போட்டது. அத்தனையும் பெண், அத்தனையும் தாயின் அரிய பழுப்பு நிறம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏ பரிசோதித்துப் பார்த்தபோது, கூடவே ஆண் பாம்புகள் இருந்தும் எந்தக் குட்டிக்கும் அப்பனே இல்லை, தாயே தனியாக ஈன்றிருக்கிறது என்று தெரிந்தது. 2010இல் வெளிவந்த செய்தி இது. வான்கோழியிலும் ஆண் சேராமல் கரு வளர்வதை அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் 1950களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் கூண்டில் அந்த அதிசயம் நடக்கவில்லை. தாயிடம் இல்லாத மொட்டைக் கழுத்து குஞ்சுக்கு வந்திருக்கிறது என்றால் அதைக் கொடுத்த அப்பன் ஒருவன் கட்டாயம் இருக்கிறான்.

அந்த மொட்டைக் கழுத்துதான் உங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி. அது ஓங்கிய குணம். பெற்றோரில் ஒன்றுக்காவது கழுத்து மொட்டையாக இல்லாமல் குஞ்சுக்கு வராது, மறைந்திருந்து தலைமுறை தாண்டி வரவும் வராது. குஞ்சைக் கையில் எடுத்து, கழுத்தின் முன்பக்கம் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். சுற்றிலும் வெறும் தோலாக இருந்து, அந்த இடத்தில் மட்டும் ஒரு சிறு இறகுக் குச்சம் இருந்தால், அந்தக் குணம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் குஞ்சுகளுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். அப்பன் விற்றவர் வீட்டுச் சேவலாகவோ அவர் பக்கத்து வீட்டுச் சேவலாகவோ இருக்கலாம். மிதிப்பதற்குச் சில நொடி போதும், வேலி தாண்டி வந்த சேவலை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இதை மட்டும் வைத்து அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முட்டையிடும் பெட்டையை விற்கும்போது, எந்தச் சேவலோடு என்றுவரை இருந்தது என்று சொல்லிக் கொடுப்பது விற்பவரின் கடமை. இதை நான் அழுத்தியே சொல்வேன். வாங்குபவரும் கேட்டு வாங்க வேண்டும்.

கத்திப்பூ விஷயம் வேறு. அதில்தான் எனக்கு வருத்தம். இந்த இனத்துக்கு நெற்றியோடு படிந்து மூன்று வரிசையாக இருக்கும் பட்டாணிக் கொண்டைதான் இருக்க வேண்டும். ரம்பப் பல்போல் ஒற்றையாக நிமிரும் கத்திப்பூ ஒடுங்கிய குணம். அப்பன், தாய் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குஞ்சில் தெரியும். ஆக, அந்த ஒரு குஞ்சு இரண்டு சேதி சொல்கிறது. அப்பன் உங்கள் சேவல் இல்லை என்பது ஒன்று. உங்கள் பெட்டையின் உள்ளேயும் கத்திப்பூ ஒளிந்திருக்கிறது என்பது இன்னொன்று. அதன் முன்னோரில் எங்கோ கலப்பு நடந்திருக்கிறது. 'சுத்தமான கால்வழி' என்று சொல்லி விலை ஏற்றியிருந்தால், அதைக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. அதற்காகப் பெட்டையை ஒதுக்க வேண்டாம். மூக்கும் வாலும் உடல்கட்டும் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அதன் குஞ்சுகளில் நல்ல கொண்டை உள்ளவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுங்கள்.

உங்கள் சேவல் சாயலில் உள்ள ஆறையும் இப்போதைக்கு அதன் குஞ்சு என்று எழுதிக் கொடுத்து விற்றுவிடாதீர்கள். பழைய சேவலிடம் மொட்டைக் கழுத்துக் குணம் அதன் தாய், தகப்பன் இருவரில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால் அதன் குஞ்சுகளில் பாதிக்குக் கழுத்தில் இறகு இருக்கும். அந்த ஆறுக்குள் அதனுடையது ஒன்றிரண்டு கலந்திருக்க இடம் உண்டு. அதில் எதற்காவது கத்திப்பூ முளைத்தால் சந்தேகத்தோடு தனியே வையுங்கள்.

ரத்தம் கெட்டுவிடும் என்று ஊரில் சொல்வது புதிதில்லை. ஒருமுறை சேர்ந்த ஆணின் சாயல் பின்னால் பிறக்கும் எல்லாக் குட்டியிலும் வரும் என்று ஐரோப்பாவிலும் நூறு ஆண்டுக்குமேல் நம்பினார்கள். 1890களில் ஸ்காட்லாந்தில் எவார்ட் என்ற பேராசிரியர் குதிரைகளை ஆண் வரிக்குதிரையோடு சேர்த்து, பிறகு அதே குதிரைகளை ஆண் குதிரையோடு சேர்த்துப் பார்த்தார். பின்னால் பிறந்த குட்டிகள் வரிக்குதிரையின் சாயலில் வரவில்லை. கோழியில் இந்த நம்பிக்கை வலுவாக நிற்பதற்குக் காரணம் நான் மேலே சொன்ன சேமிப்புதான். சேவலை மாற்றிய பிறகும் பழைய சாயல் குஞ்சு வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், அதை ரத்தம் என்று நினைத்துவிட்டார்கள். பார்த்தது உண்மைதான். ஆனால் அது மூன்று வாரக் கதை, ஆயுளுக்கும் இல்லை. குழாயில் இருந்த விந்து தீர்ந்ததும் பழைய சேவலின் தடயம் ஒன்றும் மிஞ்சாது.

சரி, இனி செய்ய வேண்டியது. பெட்டையை எந்தச் சேவலும் நெருங்காத கூண்டில் தனியாக வையுங்கள். நாள் கணக்கை மட்டும் நம்பாமல், அது இடும் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் உடைத்து மஞ்சள் கருவின் மேல் இருக்கும் வெண்புள்ளியைப் பாருங்கள். வெளிச்சமான இடத்தில், மஞ்சள் கரு உடையாமல் ஊற்ற வேண்டும். கருவுறாத முட்டையில் அந்தப் புள்ளி சிறியதாக, ஓரம் பிசிறடித்து, முழுக்க வெள்ளையாக இருக்கும். கருவுற்றதில் கொஞ்சம் பெரிதாக, நடுவில் தெளிந்து, சுற்றி வளையம் போட்டது போல் இருக்கும். கடையில் வாங்கும் பண்ணை முட்டை ஒன்றை உடைத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இரண்டு நாளில் கண் பழகிவிடும். உடைத்தது வீணில்லை, ஆம்லெட் போட்டுச் சாப்பிடலாம். தொடர்ந்து நாலைந்து முட்டை கருவில்லாமல் வந்தபிறகு உங்கள் சேவலை விடுங்கள். அதிலிருந்து மூன்றாம் நாளுக்குமேல் வருகிற முட்டைகளில் பென்சிலால் தேதி எழுதி, ஒரு வாரத்துக்கு மேல் பழையதாகாமல் அடை வையுங்கள். இந்த முறை அதைத்தான் தவறவிட்டீர்கள். தேதி எழுதியிருந்தால் மொட்டைக் கழுத்துகள் எந்த முட்டையிலிருந்து வந்தன என்பது கையோடு தெரிந்திருக்கும்.

பெட்டை இதற்கிடையில் அடையில் உட்கார்ந்துவிட்டால் இன்னும் நல்லது. 21 நாள் அடையும், அப்புறம் குஞ்சு கூட்டிக்கொண்டு திரியும் காலமும் சேர்த்தால், சேவல் அண்டாமல் இருந்தாலே பழைய விந்து தானாகத் தீர்ந்துவிடும். இனிமேல் வாங்கும்போது முடிந்தவரை முட்டைக்கு வராத விடைக்கோழியாக, சேவல்களிடமிருந்து பிரித்து வளர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். இந்தச் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

அந்த வெள்ளைக் குஞ்சைப் பற்றிக் கடைசியாக. அதைப் பழைய சேவலின் கணக்கில் உடனே எழுதிவிடாதீர்கள். வெள்ளையில் ஒரு வகை ஓங்கிய குணம், அப்படியென்றால் அப்பனும் வெள்ளையாக இருந்திருப்பான். இன்னொரு வகை ஒடுங்கிய குணம். நிறமுள்ள தாயும் தகப்பனும் அதை ஒளித்து வைத்திருந்தால், நாலில் ஒன்று என்ற விகிதத்தில் வெள்ளை பிறக்கும். உங்கள் யாகூத்தே அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். குஞ்சின் காலில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள், விற்றுவிடாதீர்கள். அடுத்த சுத்தமான அடையிலும் வெள்ளை பொரித்தால் அந்தக் குணம் உங்கள் சேவலிடமும் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி வந்தால் எத்தனைக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள், அந்த வெள்ளையை நிலைநிறுத்துவது எப்படி என்று சொல்கிறேன்.